கோழிக்கால் முத்திரை

வண்டியிலிருந்து சவப்பெட்டியை இறக்கும்போதே கொனாடுவுக்கு வயிறு எரிந்தது. மினுமினுக்கும் மகோகனி, பித்தளைக் கைப்பிடி. இத்தாலியில் செய்து தகொராடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அனுப்பியவன் மரவியாபாரி அதுசே.

அப்பனுக்குப் பெட்டி வாங்குவது பிள்ளைகளின் உரிமை. குமாசிப் பக்கம் எவ்வளவு இல்லாதவர்களும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவள் வாங்கிய பெட்டி கொல்லையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.

"பெரியப்பா, யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?"

குடும்பத் தலைவர் அசாரே கறுப்புத் துணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பெரிய மனுஷன் தானா வந்து குடுக்கிறான். வேண்டாம்னு சொல்லிப் பகையைத் தேடிக்கணுமா? பேசாம உக்காரும்மா."

உட்கார்ந்தாள். உள்ளே பித்தளைக் கட்டிலில் அப்பா பாரிமாவைக் கிடத்தியிருந்தார்கள். "அந்த அதுசே கையால ஒரு வாய் தண்ணிகூட எனக்கு ஊத்த விடாதே" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

காட்டில் மரம் வெட்டுகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு முத்திரைச் சுத்தியல் உண்டு. மரத்தின் வெட்டுமுகத்தில் யார் முத்திரை விழுந்திருக்கிறதோ, மரம் அவனுடையது. அப்பாவுடையது வட்டத்துக்குள் கோழிக்கால். ஒரு மழைக்காலத்தில், லாரி வராமல் சாலையோரம் கிடந்த அவருடைய மரங்களின் முத்திரை விழுந்த நுனியைக் கிழங்கு நறுக்குவதுபோல அறுத்தெறிந்துவிட்டு அதுசே தன் முத்திரையை அடித்தான். அதிகாரி வந்து பார்த்தார். முத்திரை அதுசேயுடையது, மரமும் அவனுடையது என்று போய்விட்டார். மரங்கள் இத்தாலிக்குக் கப்பல் ஏறின.

அப்போதெல்லாம் முழுமரமாகவே போகும். அரசாங்கம் அதைத் தடுத்ததும் பலகையாகப் போனது. பிறகு சீனாக்காரர்கள் ரோஸ்வுட் கேட்டு வந்தார்கள். வாங்குகிற நாடு மாறிக்கொண்டே இருந்தது, விற்கிற அதுசே மாறவில்லை. "மரமாப் போனது கதவா, கட்டிலா திரும்பி வருது பாரு. நம்மாலதான் வாங்க முடியலே" என்று அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது.

பந்தலில் ஒலிபெருக்கி அலறியது. "அருமை நண்பருக்காக, இத்தாலிப் பெட்டி! கொடுத்தவர் அதுசே ஐயா!" கொம்பும் மேளமும் முழங்கின. அதுசே எழுந்து நின்று கையை உயர்த்தினான்.

"மைக்கைக் குடுங்க. நன்றி சொல்லணும்" என்றாள் கொனாடு. அசாரேவுக்கு உயிர் வந்தது.

அவள் காலியாக இருந்த பெட்டியின் கால்மாட்டுக்குப் போனாள். பையிலிருந்து அப்பாவின் முத்திரைச் சுத்தியலை எடுத்தாள். ஓங்கி ஒரே அடி. பளபளப்பு தெறித்து, வட்டத்துக்குள் கோழிக்கால் பதிந்தது.

"அதுசே சித்தப்பா, ரொம்ப நன்றி. ரோட்டோரம் காணாமப் போன எங்க மரம் கடலைச் சுத்திட்டு வீடு வந்து சேந்திருச்சு. முத்திரை எங்களோடது, மரமும் எங்களோடது. சும்மா வாங்கினோம்னு பேர் வேண்டாம். கொல்லையில நான் வாங்கின பெட்டி இருக்கு. பதிலுக்கு அதை எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு இல்லாட்டியும் உங்களுக்கு உதவும்."

பின்வரிசையில் இருந்த பழைய மரவெட்டிகளில் ஒருவர் தொடையில் அடித்துச் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. இழவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை.

"அம்மாடி..." என்று ஆரம்பித்த அசாரே, அதுசேயின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரிந்த கறுப்புத் துணியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார்.

மரவெட்டிகள் கொல்லைக்குப் போய் அந்தப் பெட்டியைத் தார்ப்பாயோடு தூக்கி வந்து, இத்தாலிப் பெட்டி வந்த வண்டியிலேயே ஏற்றினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அதுசேயின் கார் கிளம்பியது. அவனுடைய வண்டியும் அதன் பின்னாலேயே போனது.

கொனாடு சுத்தியல் முனையில் ஒட்டியிருந்த வார்னிஷ் தூளைச் சிவப்புத் தலைத்துணியால் துடைத்தாள். தெருமுனை திரும்பும்வரை வண்டியில் தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே போனது.