அட்டைக் கடி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்த ஏழுமலை, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

"எம்பொண்டாட்டி காச்சல்ல கெடந்து பொழச்சா. அதுக்காக ஆண்டவருக்கும் மருந்தையாவுக்கும் ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன ஜெபவீட்டில் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். முன்னால் வேதப்புத்தகத்தோடு நின்ற உபதேசியார் மாசிலாமணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏழுமலையின் மனைவி ரூத்து காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாள் தவறாமல் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபித்தவர் அவர். அவர் பெயர் வரவில்லை. ஆண்டவருக்கு அடுத்த நாற்காலியில் மருந்தையா போய் உட்கார்ந்துகொண்டார். வயிறு எரிந்தது உபதேசியாருக்கு.

இலங்கையில் கலவானைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் மேலே. அவர்களுக்கு மாசிலாமணிதான் எல்லாம். ஏழுமலைக்குத் தானியேல் என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தவரும் அவரே. அந்தப் பெயரால் கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

முன்பெல்லாம் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் லயத்து ஆட்கள் முதலில் உபதேசியார் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம். யாழ்ப்பாணத்திலிருந்து இராசநாயகம் தோட்டத்து மருந்துச்சாலைக்கு மருந்தையாவாக வந்து சேர்ந்த பிறகு அந்த ஓட்டம் திசை மாறிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைக் கோட்டு, மெல்லிய பேச்சு. முதல் பலாப்பழமும் சிவப்புக் கோழியின் முட்டையும் இப்போது மருந்துச்சாலைக்குப் போயின. உபதேசியாருக்குப் பழத்தின் மேல் ஆசையில்லை. அது எந்த வாசலுக்குப் போகிறது என்பதில்தான் அவர் கண் இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "அந்த மனுஷன் கையக் கழுவிக்கிட்டுத்தான் புள்ளையத் தொடுறாருங்க. என்ன சுத்தம்!" என்றாள் மனைவி கிருபை.

"ஏசுவச் சாகக் குடுத்த பிலாத்தும்தான் கையக் கழுவுனான்" என்றார் மாசிலாமணி. அன்று இரவு அவர் சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்று வேறு குறை சொன்னார்.

மாசி மாதம் கடைக்காரர் பளீல் மூட்டையை இறக்கும்போதே சேதி சொன்னார். "கிராமத்துப் பக்கம் வசூரிய வந்தீக்கி உபதேசியார். பெரியம்மை. கலவானையில ஆக்கள் வீட்ட விட்டு வெளியாகுறல்ல."

மறுநாளே இராசநாயகம் உபதேசியார் வீட்டுப் படியேறி வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"உபதேசியார், அம்மைப்பால் வந்திருக்கு. இஞ்ச பிறந்த பிள்ளையள் எல்லாருக்கும் குத்த வேணும். இந்தியாவில இருந்து மண்டபம் முகாமால வந்த பெரிய ஆக்களுக்கு அங்கேயே குத்திப்போட்டினம், பயமில்லை. அம்மை வருத்தம் வந்தாப் பிறகு என்னட்ட மருந்தில்லை, வர முந்தித்தான் ஏதும் செய்யலாம். கோயில் பூசாரியார் தன்ர ஆக்களுக்குச் சொல்லுறன் எண்டிட்டார். உங்கட சனத்துக்கு நீங்கள் ஒரு சொல் சொன்னாக் காணும்."

நல்ல மனிதனாக இருந்தால் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பான். உபதேசியார் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் பொறாமை பிடித்த காதில் எந்த நல்ல சொல்லும் கோணலாகத்தான் விழும். என் சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் இவன் வாசலில் வரிசையில் நிறுத்த நான்தான் கிடைத்தேனா என்று அவர் நினைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வழியனுப்பி வைத்தார்.

யோசித்தார். ஞாயிறன்று சொன்னார்.

"மரத்தைக் குத்திப் பாலெடுக்கிறது நம்ம வேலை. பாலை எடுத்து மனுஷனைக் குத்துறது யாரு வேலைங்கிறேன்?"

பால்வெட்டும் சனம் கொல்லென்று சிரித்தது. வெகு நாளைக்குப் பிறகு தன் பேச்சுக்கு எழுந்த சிரிப்பு அவருக்கு இனித்தது. குரல் ஏறியது.

"கன்னுக்குட்டியோட சீழு அது! ஆண்டவர் குடியிருக்கிற ஒடம்புல அதை ஏத்தலாமா? சுகமா இருக்கிறவனுக்கு வைத்தியன் எதுக்குன்னு வேதமே கேக்குதே! விசுவாசம் இருக்கிறவன் புள்ளையக் குத்தக் குடுக்க மாட்டான்."

சபை அப்படி எதையும் போதிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அந்த வாரம் இரத்தினபுரியில் உபதேசிமார் கூட்டம். வெள்ளைக்காரப் பாதிரியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மை குத்துவது சரியா தவறா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் மாசிலாமணி கேட்கவில்லை. "ஆத்தா கோவிச்சுக்குவா" என்று ஊசி என்ற பேச்சுக்கே பயந்த மற்ற லயத்து ஆட்களைப் பார்த்து போன வருஷம் சிரித்தவர் இவர்தான். இந்த வருஷம் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனார்கள். வேதக்காரப் பிள்ளைகள் மட்டும் வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி ஒளித்துவைக்கப்பட்டார்கள். ஏழுமலையின் ஐந்து வயது மகன் சாலமோனும் அதில் ஒருவன். அவன் தங்கை கைக்குழந்தை.

உபதேசியாரின் ஒரே மகள் எஸ்தர் சாலமோனுக்கு ஒரு வயது மூத்தவள். அவர் இரத்தினபுரியிலிருந்து திரும்பி வந்து சில நாள் கழித்து, அவள் இடது மேற்கையில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?" என்று கேட்டார்.

கிருபை அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அட்டைக் கடிங்க. சீப்புடிச்சிருச்சு" என்றாள்.

மழை ஓயாத அந்த மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது; கடித்த இடம் புண்ணாவதும் புதிதில்லை. ஆனால் அட்டை காலில் ஏறும், விரலிடுக்கில் ஒட்டும். சட்டைக் கைக்கு உள்ளே ஏறி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடத்தில் அளவெடுத்தாற்போல் கடிக்காது. அடுத்த நாள் காலை, மலைத்தண்ணீர் விழும் பீலியில் அவர் பிள்ளையைக் குளிக்கவைத்தபோது துணி நழுவியது. நடுவில் குழி விழுந்த இரண்டு வட்டக் கொப்புளங்கள். மாசிலாமணியின் இடது கையிலும் அதே இடத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. மண்டபம் முகாமில் குத்தியது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் ஊரில் இல்லாத நாளில் கிருபை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கோபம் வரவேண்டும். முதலில் வந்தது கோபம் அல்ல. அப்பாடா என்று நெஞ்சு லேசானது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

தண்ணீர் எடுக்க வந்த ரூத்து எட்டிப் பார்த்தாள். கூட வந்த சாலமோன், "எஸ்தரு, வலிக்குதா?" என்று விரலை நீட்டினான்.

"பாப்பாவுக்குக் கையில என்னங்கய்யா?" என்றாள் ரூத்து.

ஒரு வார்த்தை. அந்த இடத்தில் ஒரே ஒரு உண்மையான வார்த்தை போதும். அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் ரூத்து குடத்தைப் போட்டுவிட்டு மருந்தையாவிடம் ஓடுவாள். மொத்தச் சபையும் அவள் பின்னால் ஓடும். அந்தத் திருநீறு பூசிய முகம் மெல்லச் சிரிக்கும். உபதேசியாரின் கண்ணுக்கு முன்னால் அந்தச் சிரிப்புத்தான் வந்து நின்றது, எதிரே நின்ற பிள்ளை அல்ல.

"அட்டைக் கடி" என்றார். மகளின் தோளில் துண்டைப் போட்டு மூடினார்.

பெரியம்மை அந்த மாதக் கடைசியில் தோட்டத்துக்குள் வந்தது. கிராமத்துக்குப் போய்வந்த ஒருவனைத் தொட்டு, அடுத்து சாலமோனைத் தொட்டது. தோட்டத்து எல்லையில் ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளை அங்கே வைத்தார்கள். ஏழுமலை மகனோடு உள்ளே இருந்தான். கைக்குழந்தையோடு ரூத்துவை அண்டவிடாமல் தனி வீட்டில் வைத்தார்கள்.

"ஜெபம் பண்ண உபதேசியாரக் கூப்பிடுங்க" என்று ஏழுமலை சொல்லியனுப்பினான். போகாமல் இருக்க முடியுமா? போனார். கொட்டகை வாசலில் இராசநாயகம் கையை நீட்டி மறித்தார்.

"உங்களுக்கு முந்திக் குத்தினதோ? குத்தியிருந்தால்தான் உள்ள விடலாம்."

மாசிலாமணி சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். எந்த ஊசியைப் பாவம் என்றாரோ அந்த ஊசியின் தழும்பைக் காட்டித்தான் ஜெபிக்கவே உள்ளே போக வேண்டியிருந்தது. இராசநாயகம் விலகி வழிவிட்டார்.

உள்ளே, சாலமோனைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க முத்து. கண் திறக்கவில்லை. மருந்தையா ஈரமண் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாழை இலைத் துண்டால் ஈ விரட்டிக்கொண்டே, துணியை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் தண்ணீர் பிழிந்தார். சாலமோன் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "மருந்தையா" என்றான். அந்த நேரத்திலும் உபதேசியாருக்குச் சுருக்கென்றது. சாகக் கிடக்கும் குழந்தை இன்னொருவன் பெயரைச் சொன்னதற்குப் பொறாமைப்பட்ட மனசை என்னவென்று சொல்வது? மனுஷ மனசு அவ்வளவு கேவலப்படும்.

ஏழுமலை அவர் காலருகே வந்து உட்கார்ந்தான்.

"எஸ்தர் பாப்பா சொகமா இருக்காங்களாய்யா?"

"இருக்கா."

"ரெண்டும் ஒரே தட்டுல திங்குங்க. ஒன்னாவே கெடக்குங்க. அவுங்களுக்கு வரல்ல." ஏழுமலை மகனின் காலைத் தடவினான். "ஒங்க விசுவாசம் பெருசுங்கய்யா. நானும் குத்த வேணாம்னுதான் சொன்னேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அதான் ஆண்டவரு பாத்துட்டாரு. எம்மேலதான் குத்தம்."

இராசநாயகம் நிமிர்ந்து உபதேசியாரைப் பார்த்தார். எஸ்தர் கையில் குத்தியவர் அவர். இப்போது சொல்லிவிடுவார் என்று மாசிலாமணி பயந்தார். அவர் சொல்லவில்லை. குனிந்து மறுபடி துணியை நனைத்தார். தன்னிடம் இல்லாத பெருந்தன்மை அவனிடம் இருக்கிறதே என்று அதற்கும் ஒருமுறை எரிந்தது. எரிந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த எரிச்சலின் நாற்றம் அவருக்கே தெரிந்தது.

விடிவதற்குள் சாலமோன் போய்விட்டான்.

கொட்டகையைக் கொளுத்தி, ஆட்களை வெளியே விட்ட பிறகு வந்த முதல் ஞாயிறு. ஜெபவீட்டில் வழக்கம்போல் சாட்சி சொல்லும் நேரம். ஏழுமலை எழுந்தான். ரூத்து கைக்குழந்தையை மார்போடு அணைத்துத் தலைகுனிந்திருந்தாள்.

"என் விசுவாசம் பத்தல்ல. உபதேசியாரய்யா மாதிரி நானும் உறுதியா இருந்திருந்தா, எஸ்தர் பாப்பா மாதிரி எம்புள்ளையும்..."

அவனை அப்படியே உட்காரவிட்டிருந்தால் உபதேசியாரின் பெயர் அந்தத் தோட்டத்தில் நிலைத்திருக்கும். ஆண்டவருக்கு அடுத்த நாற்காலி கிடைத்தே விட்டது. அதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினார்? ஆனால் செத்த பிள்ளையின் தகப்பன் தன் மேல் பழி போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த நாற்காலியில் மாசிலாமணியால் உட்கார முடியவில்லை.

"எஸ்தரு, இங்க வா."

மகள் வந்தாள். அவர் அவள் சட்டைக் கையை மேலே தள்ளினார். சிவந்த இரண்டு வட்டங்கள் எல்லாருக்கும் தெரிந்தன. கிருபை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அட்டைக் கடி இல்ல. அம்மை குத்துன தழும்பு. எம்பொண்டாட்டி எனக்குத் தெரியாமக் குத்த வச்சா. நான் பீலியில கண்டுக்கிட்டேன். கண்டும் ரூத்துகிட்ட பொய் சொன்னேன்." சபையின் பக்கம் திரும்பினார். "வேதம் குத்த வேணாம்னு எங்கயும் சொல்லல்ல. அது என் பொறாமை. எல்லாரும் மருந்தையாகிட்ட போறீங்களேங்கிற காந்தல். அதுக்கு ஆண்டவர் பேரை வச்சேன். தன் புள்ளைக்குக் கெடச்சா நல்லதுன்னு நெனைக்கிறத, அடுத்தவன் புள்ளைக்குப் பாவம்னு சொல்றவன் விசுவாசி இல்ல. தானியேலு, ஒன் விசுவாசத்துல கொறையில்ல. கொற பூரா எங்கிட்டதான்."

ஏழுமலை வெகு நேரம் எஸ்தரின் கையையே பார்த்தான். பிறகு குனிந்து ரூத்துவின் மடியிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். ரூத்துவும் எழுந்தாள். பிள்ளை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மாசிலாமணி அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் முழங்காலிட்டார். கண்ணீர் வழிய, "தானியேலு, போகுமுன்ன ஒரு ஜெபம். இந்தப் புள்ளைக்காக ஒரே ஒரு ஜெபம் பண்ணிடறேன்" என்று கைகளை உயர்த்தினார்.

ஏழுமலை நின்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"ஜெபம் பண்ணுங்கய்யா, வேணாங்கல்ல. ஆனா மருந்துக்குப் போற வழிய மறிச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க. கொஞ்சம் தள்ளி ஒக்காந்து பண்ணுங்க."