ஜெரூஷாவுக்கு மட்டும் அடித்த ஷாக்

ஜெரூஷாவிடம் காதலைச் சொல்லிவிடுவது என்று எபி அந்தச் சனிக்கிழமை முடிவெடுத்ததற்கு ஒரே ஆதாரம், ஷாக்.

குரோம்பேட்டையில் அவர்கள் ஆலயத்துக்குப் புது ஏசி வந்து, வாசலிலிருந்து பாடகர் மேடை வரை நைலான் கம்பளம் விரித்ததிலிருந்து இது நடக்கிறது. செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. காலேஜிலிருந்து நேராகப் பாட்டுப் பயிற்சிக்கு வரும் எபி, சோம்பேறித்தனத்தில் சாக்ஸை மட்டும் கழற்றுவதில்லை. அதன் வாசனை வேறு விஷயம். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, கீபோர்டில் இருக்கும் ஜெரூஷாவுக்குத்தான் முதலில் கை கொடுப்பான். ஸ்தோத்திரம் சொல்லிக் கைகுலுக்காமல் அங்கே பயிற்சி தொடங்காது. விரல் பட்டதும் 'சடக்'. பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பான், ஒன்றும் இருக்காது.

அவளுக்கு மட்டும். வாராவாரம். மேலே இருப்பவர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? எபி படிப்பது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்று கம்பளம் முடிகிற இடத்தில் டெனிஸ் கிடாரோடு குறுக்கே வந்து கையைப் பிடித்தான்.

'சடக்.'

"டேய், இன்னாடா இது! ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி கீறியே மச்சான்!"

எபி டெனிஸை மேலும் கீழும் பார்த்தான். டெனிஸ் பல்லிடுக்கிலிருந்து கடலைத் தோலை எடுத்துக்கொண்டிருந்தான். இவனா? எபி அவசரமாக ஜெரூஷாவிடம் போய்க் கையை நீட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி குலுக்கினான். கரண்ட் போன வீட்டு ஸ்விட்சைத் தட்டியது போலிருந்தது.

"என்ன எபி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உனக்கு... ஷாக் அடிக்கல?"

"எப்படி அடிக்கும்? அதான் டெனிஸ் வாங்கிட்டானே."

"அப்போ அது அவனுக்குப் போயிடுச்சா?"

"எது? சார்ஜுப்பா. சாக்ஸ் கம்பளத்துல தேய்ஞ்சு உன் மேல சேருது. வெறுங்காலோட நிக்கிற யாரை முதல்ல தொட்டாலும் அங்க இறங்கிடும். அப்புறம் நீ காலி. நீ எலக்ட்ரிகல்தானே?"

"அந்தப் பேப்பர் அரியர்."

இத்தனை வார அற்புதமும் ஒரு ஜோடி சாக்ஸா? எபி தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

"எதுக்குக் கழட்டுற?" என்றாள் ஜெரூஷா.

"உனக்கு இனிமே அடிக்கக் கூடாதில்ல."

"முதல் வாரமே எனக்கு சாக்ஸ்தான் காரணம்னு தெரியும். தெரிஞ்சேதான் முதல் ஆளா கை நீட்டுறேன்."

எபிக்கு இப்போதுதான் சுத்தமாக எதுவும் புரியவில்லை. ஒரு காலில் சாக்ஸும் ஒரு கையில் சாக்ஸுமாக அண்ணாந்து பார்த்தான்.

"போ," என்றாள். "மாட்டிக்கினு வாசல்லேர்ந்து திரும்ப நடந்து வா. டெனிஸ், நீ கொஞ்சம் ஓரமா நில்லு."