ஞானையா அத்தானின் ஐம்பத்தாறாவது பிறந்தநாள்

…நேதாஜி செத்தாரா இல்லையா என்று எனக்கு மட்டும் என்ன தெரியும், டெல்லியில் கமிஷன் போட்டு ரெண்டு வருஷமாக விசாரிக்கிறார்கள், அவர்களுக்கே தெரியவில்லை, தாம்பரத்தில் சரித்திரம் நடத்தும் தயாளன் வாத்தியாரா சொல்லப்போகிறான்… ஆனால் சொல்லித்தானே இருக்கிறேன், இருபது வருஷமாக. நேதாஜி எப்படி இறந்தார், விமான விபத்தில், ஒரு மார்க், சிவப்புப் பேனாவால் ஒரு டிக். அப்போதெல்லாம் ஒரு தடவையாவது யோசித்தேனா? இன்று பதினோரு மணிக்குக் கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் அவராகக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடவேண்டும், அவ்வளவுதான் வேலை. "மெதுவா மூடுங்க சார், மிச்சத்தை மியூசிக் பாத்துக்கும்" என்று டைரக்டர் ஸ்ரீநிவாசராகவன் நேற்றே சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் என் வட்ட முகத்தையும் வட்டக் கண்ணாடியையும் பார்த்துப் பிடித்துப்போட்ட மனுஷர். வாழ்க்கை வரலாற்றுப் படம் என்றால் அதில் சாவும் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சரித்திர வாத்தியாருக்கு, வெட்கக்கேடு. ரயில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது. அக்கா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் மடியில் சுடுகிறது.

அக்காதான் பிரச்சினை. சாராள் அக்காவின் வீட்டுக்காரர் ஞானையா அத்தான் நாற்பதாம் வருஷம் மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனார், யுத்தம் வந்தது, நேதாஜியின் படையில் சேர்ந்தார், பர்மாவுக்கு நடந்தார், அதோடு சரி. கூடப் போனவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை, செத்ததைப் பார்த்ததாகவும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், அவர் வரும்போது இவரும் கூட வருவார்… வெள்ளைச் சேலை கட்டவில்லை, தாலியைக் கழற்றவில்லை. வருஷாவருஷம் செப்டம்பரில் சர்ச்சில் அத்தான் பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போடுவாள், சர்ச் ஐயரும் அந்த வாரம் பிறந்த சின்னப்பிள்ளைகளோடு சேர்த்து 'சகோதரர் ஞானையா' என்று வாசித்து ஜெபிப்பார், பின்பெஞ்சில் யாராவது இருமுவார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே பிறந்தநாள்? கேட்க எனக்குத் தைரியம் ஏது.

போன வாரம் அது நடந்திருக்கக் கூடாது. ஷூட்டிங்கில் ஊரப்பாக்கம் ஏரிக்கரைதான் பர்மா, தினக்கூலிக்கு வந்தவர்கள்தான் படை. "இன்னா சார், பர்மாவுல சோறு எத்தினி மணிக்கு?" என்று அவர்களில் ஒருத்தன், குப்பன், சல்யூட் அடித்துக்கொண்டே கேட்டான், எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் அக்கா கேரியரோடு வந்தாள். வரிசையில் நின்ற அறுபது பேரையும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என்முன் நின்றாள். "டேய் தயாளா" என்று கூப்பிட்டே பழகியவள், "அவரை எங்கங்க விட்டுட்டு வந்தீங்க?" என்றாள். விளையாட்டா? அக்கா விளையாடுகிறவள் இல்லையே. தொப்பியைக் கழற்றி, நான்தான்க்கா என்று சொல்லியிருக்க வேண்டாமா… காலையிலிருந்து மேடையில் முழங்கிய அதே குரலில், "பின்னாலேயே வந்துட்டிருக்கார்மா" என்றேன். தலையசைத்தாள், கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். யார் சொன்னது அது, நானா அவரா? வாக்குக் கொடுத்தவன் இன்றைக்குப் போய்ச் சாகலாமா? மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தாழ இறங்குகிறது, பெட்டியில் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் வேறு ஆள் படுப்பான், ஆள் மாறினால் சாவு மாறுமா? படம் பொங்கலுக்கு வரும், அவள் பார்க்காமல் இருப்பாளா? கிண்டி, சைதாப்பேட்டை… பயமாக இருக்கிறது, உள்ளதைச் சொன்னால் பயம்தான். காலையில் "இன்னிக்கு என்ன சீன்?" என்று கேட்டாள். "சும்மா, ஆஸ்பத்திரி சீன்க்கா." யாருக்கு உடம்புக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவினாள், போகிற வழியில் ஐயரிடம் கொடுத்துவிடு என்று கவரைக் கையில் வைத்தாள்… அடடா, கவர்! கொடுக்கவே இல்லை, பையிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு ஐம்பத்தாறு. மாம்பலம் தாண்டி எடுத்துப் பார்க்கிறேன். பேரை எழுதியிருக்கிறாள், அதே குண்டுக் கையெழுத்து. கீழே அச்சடித்த மூன்று கட்டம், பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள். வருஷாவருஷம் முதல் கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் போடுவாள். இந்த வருஷம் மூன்றும் காலியாக இருக்கின்றன. மறந்துவிட்டாளா? இருபத்தேழு வருஷமாக மறக்காதவளா? அப்படியென்றால் ஆஸ்பத்திரி சீன் என்னவென்று அவளுக்குத் தெரியும்… தெரிந்துதான் மிளகாய்ப்பொடி தடவினாளா? ஊரப்பாக்கத்தில் யாரிடம் கேட்டாளோ அவரையே பதில் எழுதச் சொல்கிறாளா? சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருக்கிறது. கோடம்பாக்கம் வந்துவிட்டது, எல்லோரும் இறங்குகிறார்கள், நான் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.