நாலாவது சட்டை

தையல்காரம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் செஸ் பலகையை விரித்துவிட்டால் அந்த மனுஷன் அடிக்கிற பீற்றல் இருக்கிறதே, அப்பப்பா!

லிஃப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளைதான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செஸ் அணிக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை எதிர்க் கட்டடத்தோடு போட்டி. நாலு பேர் ஆட வேண்டும். நாலாவது ஆள் வீடு மாறிப் போய்விட்டார். அணிக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த அம்மாள், ஊசியில் நூல் கோத்தபடியே, "அந்த எடத்துல நான் ஒக்காரட்டுமா மாப்ளே?" என்று கேட்டேவிட்டாள். காலமெல்லாம் அடுத்தவர் சட்டையையே தைத்தவளுக்கு, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்க உட்கார வேண்டும் என்று ஆசை. அதில் தப்பென்ன?

மாப்பிள்ளை சிரித்தார். "குதிரை எப்படித் தாண்டும்னே போன மாசந்தான் கத்துக்கிட்டீங்க அத்தை. சரி, ஒரு ஆட்டம். என்கிட்ட தோக்காம இருங்க, எடம் ஒங்களுக்கு."

வெள்ளை அவருக்கு, கறுப்பு இவளுக்கு. யானை, குதிரை, மந்திரி எல்லாம் பறிபோய், இவளிடம் மிஞ்சியது ஒண்டிக்கட்டை ராஜா. அவரிடமோ ராஜா, ராணி, ஒரு சிப்பாய். கறுப்பு ராஜா ஓடி ஓடி அவர் பக்கத்து ஓர வரிசையில் ஒதுங்கியிருந்தது. வெளியே வர முடியாமல் அடுத்த வரிசை முழுவதையும் வெள்ளை ராணி அடைத்து நின்றது. தன் ராஜாவையும் கிட்டே கொண்டுவந்திருந்தால் மாப்பிள்ளை கதையை முடித்திருக்கலாம். ஜம்பம் விட்டால்தானே!

"இன்னொரு ராணி எடுத்துட்டு முடிக்கிறேன், அழகைப் பாருங்க அத்தை" என்று சிப்பாயை மறுகோடியை நோக்கி ஓட்டினார்.

சிப்பாய்க்கு இன்னும் ஒரே கட்டம் பாக்கி இருந்தபோது, தையல்காரம்மா தன் ராஜாவை நைசாக மூலையில் வைத்தாள். பிறகு மடியில் கிடந்த வெள்ளைப் பட்டனை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க மாப்ளே, ரெண்டாவது ராணி."

அவர் சிப்பாயை எடுத்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் பட்டனை டக்கென்று வைத்தார். "முடிஞ்சுது! நகர எடமே இல்லையே!"

"இல்லதான். ஆனா செக் எங்க?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். பழைய ராணி முன்வரிசையை அடைத்திருந்தது. பட்டன் ராணி, எதிர்க்கோடியிலிருந்தே மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தை அடைத்திருந்தது. மூலையை மட்டும் யாரும் தாக்கவில்லை.

"செக்கும் இல்லாம நகரவும் வழியில்லாம போனா ஆட்டம் டிரா. நேத்து ஒங்க பொண்டாட்டிகிட்ட ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை இப்படித்தான் கோட்டை விட்டேன்."

"எங்கம்மாவா கொக்கா!" என்று அடுப்படியிலிருந்து மகள் கைதட்டினாள்.

மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. அடுத்த கணம் வாசலுக்கு ஓடி, அக்கம்பக்கம் கேட்கக் கத்தினார்: "நாலாவது ஆளு எங்க அத்தை! என்னையே மடக்கிட்டாங்க!" அந்தக் குரலில்தான் எத்தனை பெருமை!

திரும்பி வந்தவர் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஒங்களுக்குச் சட்டை?"

அவள் மிஷின் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சட்டையை உதறிக் காட்டினாள். அச்சு அசலாக அவள் அளவு.

"ஒரு பட்டன்தான் பாக்கி மாப்ளே" என்று பலகையிலிருந்து அந்த ராணியை எடுத்துக்கொண்டாள்.