ஆமையாருக்குக் கொடுத்த சொற்கள்

டிவி தொடர் ஆரம்பித்த இரண்டாம் வருடம், அம்மா வேடம் போட்ட நடிகையின் வாயிலிருந்து ‘உப்பு’ என்ற சொல் போய்விட்டது. கடையில் சர்க்கரை கேட்டார், சோப்பு கேட்டார், மூன்றாவதாக வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே தொடரில் அப்பாவாக வரும் நடிகர் முந்தின வாரம்தான் ‘மாத்திரை’ என்று சொல்ல முடியாமல் நெற்றியில் அடித்து அடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

அந்தத் தொடரின் நாயகன் ஒரு துணி ஆமை. ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் ஓசியில் குடியேறி எல்லோரையும் நக்கலடித்துக்கொண்டு திரியும் ஆமை. அதை ஆமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, ஆமையார் என்றுதான் சொல்ல வேண்டும். டைரக்டர் மனிதர்களை வா, போ என்பார். ஆமையாரை வாங்க, போங்க என்பார். ஆமையாருக்கு ஏ.சி. அறை, நடிகர்களுக்கு மாடிப்படிக்கு அடியில் மடக்கு நாற்காலி. செட்டின் தரையை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அங்கங்கே பள்ளம் விட்டிருந்தார்கள். பள்ளத்துக்குள் நின்றபடி ஓர் ஆள் கையை ஆமைக்குள் விட்டுத் தூக்கி ஆட்டுவார், அதற்குக் குரலும் கொடுப்பார். நடிகர்கள் பள்ளத்தில் விழாமல் பலகைமேல் நடக்க வேண்டும். கீழேயும் பார்க்கக் கூடாது, ஒருவரையொருவரும் பார்க்கக் கூடாது, ஆமையாரின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். அப்பா நடிகர் ஒருநாள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். டைரக்டர் ஓடி வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்து, “ஆமையாருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். சீ, அந்த டைரக்டரும் ஒரு பிறவியா!

ஒத்திகையில் யார் பேசிச் சிரிப்பு வந்தாலும் அந்த வசனம் ஆமைக்குப் போய்விடும் என்பது அங்கே சட்டம். “நல்லா இருக்கு, ஆமையாருக்குக் கொடுத்துடு” என்பார் டைரக்டர், அவ்வளவுதான். சிரிப்பு எந்தச் சொல்மேல் விழுந்ததோ, அந்தச் சொல் அன்றோடு நடிகரின் வாயைவிட்டுப் போகும். வீட்டிலும் வராது, தூக்கத்திலும் வராது. கால் கட்டோடு திரும்பி வந்த அப்பா நடிகர், வயிற்றெரிச்சல் தாங்காமல், “ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்று முணுமுணுத்தார். எல்லோரும் சிரித்துத் தொலைத்தார்கள். அந்தப் பழமொழியும் ஆமைக்கே போயிற்று. தன்னைத் திட்ட இருந்த ஒரே பழமொழியையும் தானே சொல்லிக் கைதட்டல் வாங்கியது அது. அதன் பிறகு நடிகர்கள் உஷாராகி, ஒத்திகையில் வேண்டுமென்றே சொதப்பினார்கள், மரக்கட்டை மாதிரி பேசினார்கள். இவர்களுக்கு நடிப்பே வராது, ஆமையாரால்தான் தொடர் ஓடுகிறது என்று ஊர் பேசியது. ஊருக்கு என்ன, நாக்கில் நரம்பா இருக்கிறது?

அம்மா நடிகை உப்பு போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். ஓயாமல் தொணதொணப்பாள் என்பதால் சில்வண்டு என்று கூப்பிடுவார். அவரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒருநாள் அவளைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. மனசெல்லாம் வீட்டில். சொதப்ப மறந்து, தொடரில் மகளாக வரும் சிறுமியிடம், “அடியே சில்வண்டு, கொஞ்சம் வாயை மூடேன்” என்று சொல்லிவிட்டார். செட் முழுக்கச் சிரிப்பு. நடிகை பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“சார், வேண்டாம் சார். அது என் பொண்ணைக் கூப்பிடுற பேரு சார்.”

“அதனாலதாம்மா அவ்வளவு இயல்பா இருக்கு” என்றார் டைரக்டர்.

அடுத்த இரண்டு வருடத்தில் ஆமை அந்தப் பெயரைச் சட்டைக்கும் பென்சில் டப்பாவுக்கும் பிஸ்கட் உறைக்கும் கொண்டுபோய்விட்டது. டிவியில் ஆமை சில்வண்டு என்று கூப்பிடும்போதெல்லாம் மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள், அம்மாவைத் தாண்டிப் போய் டிவி முன்னால் நிற்பாள். கண்ணு என்றும் பாப்பா என்றும் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லியும் அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். “ஆமையார் ஊர்ல இருக்கிற எல்லாரையும் சில்வண்டுன்னு கூப்பிடுறாரு. நீ மட்டும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டேங்குற. என் மேல கோபமா?” என்றாள் மகள். கோபம்தான், உன்மேல் இல்லை என்று சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா எப்படிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பெற்ற பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் எந்த வயிறுதான் பற்றி எரியாது?

அப்படியிருக்கையில் ஒருநாள் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படப்பிடிப்பு. பாதிக் காட்சியில் நடிகை பள்ளத்துக்குள் இறங்கினார். ஆமையை ஆட்டும் ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கத்தான் இறங்கினார். அந்த ஆளோ கழுத்து வலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு, தூக்கிய கையை இறக்க வழியில்லாமல், வியர்வையில் ஊறி நின்றார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அப்போதுதான் நடிகை பார்த்தார்.

“எடுத்துட்டுப் போங்கக்கா” என்றார் அவர். “உங்க எல்லார் பேச்சும் இதுக்குள்ளதான் கிடக்கு. உள்ள கையை விட்டாத்தான் வருது. எனக்குன்னும் ஒரு பேச்சு இருந்துச்சு, அது எங்க போச்சுன்னே தெரியல.”

நடிகை ஆமைக்குள் கையை விட்டார். முதலில் வாய்க்கு வந்தது ‘உப்பு’. அப்படியே மேலே ஏறினார். இதுவும் கதைதான் என்று நினைத்துப் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். டைரக்டர் கட், கட் என்று கத்தினார். “ஆமை புகுந்த வீடாவது உருப்படும்யா, நீ இருக்கிற இடம் உருப்படாது! கால் ஒடிஞ்ச மனுஷனை விட்டுட்டு பொம்மையை விசாரிச்சியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்றார் நடிகை, சொந்தக் குரலில். பலத்த சிரிப்பு. வழக்கப்படி அந்த வசனத்தை யாருக்குக் கொடுப்பது என்று டைரக்டருக்குத் தெரியவில்லை, ஆமைதான் நடிகையின் கையில் இருந்ததே.

ஆமையைக் கழற்றாமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“சில்வண்டு” என்றார் அம்மா.

மகள் திரும்பினாள். ஆமையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஓடி வந்து, ஓங்கி ஓர் அடி வைத்து, “இவ்வளவு நாளா எங்க போன நீ?” என்று கத்தி அழுதாள்.

கம்பெனி புது ஆமை செய்து பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை, தொடர் நின்றது. அப்பா நடிகர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடிகையின் வீட்டுக்கு வந்து, ஆமைக்குள் கையை விட்டுப் பழமொழியைத் தொண்டை கிழியச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார். பள்ளத்து ஆளும் வந்து, தன் பேச்சு எங்கேயாவது சிக்கியிருக்கிறதா என்று அடிவரை துழாவிப் பார்க்கிறார். அது இன்னும் கிடைக்கவில்லை. ஆமையின் கழுத்து நைந்தால் மகள் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுக்கிறாள். நடிகை ஒரு கையில் ஆமையும் மறுகையில் மகளுமாகக் கடைக்கு வந்து, “உப்பு குடுங்க” என்கிறார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்து, “கல் உப்பா, தூள் உப்பா அக்கா?” என்று கேட்கிறார்.