மேலே ஒன்று, கீழே ஒன்று

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. கதை படிக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். என் எழுத்தைப் பற்றி அவள் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "இன்னும் எழுதிட்டுத்தான் இருக்கியா?" என்பது. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீ ஆளுங்க மனசுக்குள்ள புகுந்து எழுதறவதானே. உங்க அத்தான் அந்த சுவிட்சைப் போடறப்போ மனசுல என்ன இருந்துச்சுன்னு எழுதிக் குடு. அதைப் படிச்சுட்டு, வீட்டுக்கு ஒரு மெஷினா ரெண்டு மெஷினான்னு முடிவு பண்றேன்."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றேன்.

எந்த சுவிட்ச், எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

உண்மையில் வேறு இரண்டு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். முதலாவது: "குளிர்காலத்தின் நடுவில் அந்த வீட்டின் இதயம் நின்றுபோனது." அடித்துவிட்டேன். அத்தானுக்கு நிஜமாகவே இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் நடமாடும் கதையில் வீட்டுக்கும் ஓர் இதயத்தைக் கொடுப்பது அநியாயம்.

இரண்டாவது: "அவளுக்கு எரிந்தது, அவருக்கு நடுங்கியது, அதனால் அவர்கள்—" பாதியில் விட்டேன். 'அதனால்' என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பவர். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் குளிர் தாங்கவில்லை. வீட்டுக்குள்ளும் கம்பளிக் குல்லாய். அக்காவுக்கோ உடம்பு மாறுகிற வயது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று உள்ளேயிருந்து அனல் கிளம்பி, கழுத்து சிவந்து, கையில் கிடைத்ததை எடுத்து விசிற ஆரம்பிப்பாள். கூடத்துச் சுவரில் வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும், எண் காட்டும் குமிழ் இருந்தது. அவர் போகும்போது கூட்டுவார். அவள் வரும்போது குறைப்பாள். கடைசியில், வேலைக்காக வெளியூர் போன மகளின் மாடி அறைக்கு அக்கா தலையணையோடு போய்விட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள்.

[இங்கே அந்தக் கொஞ்ச நாள் எப்படி நீண்டது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். யாருக்குத்தான் தெரியாது?]

3

பழைய பாய்லர் கீழ்த்தளத்தில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. வாயுவில் எரிந்து தண்ணீரைக் காய்ச்சி, சுவரோரத்து இரும்புப் பட்டைகளுக்குக் குழாய் வழியாக அனுப்பும். அதற்கு வயதாகிவிட்டது, புதிதாக ஏதாவது போடலாம் என்று ஒருவரை வரவழைத்தார்கள். அளவு நாடாவும் கையுமாக வந்ததால், பிற்பாடு நாங்கள் அவரை அளவுக்காரர் என்றே பேசிக்கொண்டோம். அன்று நானும் அங்கே இருந்தேன்.

அவர் பாய்லரைத் திறந்து டார்ச் அடித்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு வால்வை மூடி, சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து ஒட்டினார்.

"உள்ள விரிசல் விட்டிருக்கு சார். புகை வெளிய போகாம வீட்டுக்குள்ள கசியும். இனிமே இதைப் போடவே கூடாது."

"புகை ஒண்ணும் தெரியலையே" என்றார் அத்தான்.

"கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சூட்டோட சேர்ந்து மேல ஏறிடும். மாடியில தூங்கறவங்க—" எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "போடாதீங்க. அவ்வளவுதான்."

(இந்த நாலு வரியை எடுத்துவிட்டால் அத்தானுக்கு நல்லது. கதைக்கும் ஒன்றும் குறையாது. ஆனால் அவர் இதைக் கேட்டார். கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.)

பிறகு அளவுக்காரர் அறை அறையாக அளந்துவிட்டு வந்தார். "புதுசுல குளிர்காலத்துக்குச் சூடும் வெயில்காலத்துக்குக் குளிர்ச்சியும் ஒரே மெஷின் குடுத்துடும். பெருசா ஒண்ணு போட்டா வீடு முழுக்க ஒரே அளவு. இல்லேன்னா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அவங்கவங்களுக்கு வேணுங்கற அளவு. எது சரிப்படும்னு சொல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். எத்தனை ரூம்ல ஆள் தூங்குவீங்க?"

"ரெண்டு" என்றாள் அக்கா.

"ஒண்ணு" என்றார் அத்தான்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அளவுக்காரர் விரலைத் தளர்த்தினார். நாடா சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"பேசி வச்சுட்டு ஃபோன் பண்ணுங்க" என்றார்.

4

பேசி வைக்கவில்லை. தனித்தனியாக என்னிடம் பேசினார்கள்.

அத்தான் கடையில், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு மெஷின் பத்திக் கவலையில்ல. ரெண்டு வச்சுட்டா உங்க அக்கா இனிமே கீழ வரமாட்டா. இப்ப சூடு அதிகம்னு சண்டை போடவாவது வர்றா."

அக்கா ஃபோனில் சொன்னாள்: "எனக்குப் புழுங்குதுன்னா அவர் திரும்பி சுவத்துல இருக்கற நம்பரைப் பாக்கறாரு. என்னைப் பாக்கறதில்ல. நம்பர் சரியா இருந்தா எனக்குப் புழுங்கக் கூடாதாம்."

இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. எழுதுகிறவளுக்கு இது வசதி. உடன்பிறந்தவளுக்கு இல்லை.

5

அது பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை நாள். தற்காலிகமாக வாங்கி வைத்திருந்த சின்ன மின்சார ஹீட்டர் காலையிலேயே கருகி நாறிவிட்டது. அத்தான் மதியம் கடையிலிருந்து வந்தார். சாப்பாட்டு மேசையில் பேச்சு தடித்தது.

"ஒரே மெஷின்தான். நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடப் போறேன்."

"தாராளமாச் சொல்லுங்க. நான் ஜன்னலைத் திறந்து வச்சுக்கறேன். உங்க சூடெல்லாம் தெருவுக்குப் போகட்டும்."

விடைத்தாள் கட்டோடு அக்கா மாடிக்குப் போய்விட்டாள். சொன்னபடியே ஜன்னலை முழுக்கத் திறந்தாள். திருத்திக்கொண்டிருக்கும்போதே தாள்கள் மேல் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

கீழே அத்தான் பாய்லர் அறைக்குப் போனார். சிவப்புச் சீட்டை எடுத்தார். கிழிக்கவில்லை, ஓரத்தில் நகம் கொடுத்து முழுசாக உரித்து, திரும்ப எடுக்க வசதியாகச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தார். வால்வைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார். கூடத்தில் இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

(விஷப்புகையை உணர்ந்து கத்தும் கருவி ஒன்று உண்டு. அதை இந்த வீட்டில் மாட்டி, பேட்டரி தீர்ந்திருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்கள் பதறுவார்கள். அந்த வீட்டில் கருவியே இல்லை.)

அக்கா விழித்தபோது தலை கல்லாய்க் கனத்தது. நாக்கு வறண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றில் விரல்கள் விறைத்திருந்தன. எழுந்திருக்கச் சுவரோரத்து இரும்புப் பட்டையில் கையை ஊன்றினாள்.

சுட்டது.

ஒரு விநாடி அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அத்தானைப் பேர் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பதில் இல்லை. படியில் இறங்கினாள். பாதியில், படி திரும்பும் இடத்தில், அவர் சுவரில் கன்னத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். குல்லாய் இரண்டு படி கீழே கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. உலுக்கினாள், தலை துவண்டது.

"எப்படியோ தெருவுக்கு இழுத்துட்டு வந்துட்டேன்" என்றுதான் எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அக்காவைக் காப்பாற்றியது திறந்த ஜன்னல்தான் என்றார் டாக்டர்.

6

இப்போது அந்த சுவிட்ச்.

(அ) குளிர். வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆபத்து என்று எழுதி ஒட்டியதை நாம் எல்லோரும் ஒருநாளாவது உரித்திருக்கிறோம்.

(ஆ) பிடிவாதம். பார், இதே நன்றாகத்தான் ஓடுகிறது, ஒன்றும் வேண்டியதில்லை, மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம், பழையபடியே இருக்கலாம் என்று காட்ட நினைத்தார்.

(இ) மாடியில் அவள் தூங்குகிறாள் என்பது அவருக்கு—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ஆனால் அக்கா என்னிடம் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். மற்ற இரண்டையும் அவளே எழுதிக்கொள்வாள்.

அதனால் நேரிலேயே போய்க் கேட்டேன். அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அத்தான், படியில எதுக்கு ஏறினீங்க?"

யோசித்தார். "சுவிட்சைப் போட்டது ஞாபகம் இருக்கு. நாற்காலியில உக்காந்தது ஞாபகம் இருக்கு. கையெல்லாம் சூடாச்சு, நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"அக்காவைக் கூப்பிடப் போனீங்களோ?"

"அப்படிச் சொல்லிடலாம். சொன்னா உங்க அக்கா நம்பிடுவா. எனக்கே நம்பணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஞாபகம் இல்லம்மா."

"போடறப்போ அக்கா மேல இருக்கான்னு..."

"அதைத்தான் நானும் எங்கிட்டயே கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

(இந்த மனிதரைப் பாத்திரமாக்குவது கஷ்டம். பொய் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் கொடுத்தேன், எடுத்துக்கொள்ளவில்லை.)

7

அவர் சொல்லவில்லை என்றால் வீடு சொல்லட்டும் என்று, அந்த வீட்டின் அமைப்பை வைத்து எழுதினேன். பின்வாசல் இல்லாத வீடு. நாற்காலி கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே முன்வாசல். மூச்சு முட்டுகிற எவரும் வாசலுக்குத்தான் ஓடுவார்கள். அவர் அதைக் கடந்து படியேறியிருக்கிறார். ஆகவே இப்படி முடித்தேன்: "கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அவளிடம் போனார்."

எனக்குத் திருப்தியாக இருந்தது. அக்காவிடம் கொடுத்தேன். என் எதிரிலேயே, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். கடைசி வரியின் கீழே கோடு போட்டாள்.

"இது தப்பு."

"எது?"

"வாசல் பூட்டியிருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கதவு பூட்டினாத்தான் நிக்கும், இல்லேன்னா காத்துல திறந்துக்கும். உள்ளேயும் சாவி போட்டுத்தான் திறக்கணும். மதியம் அவர் வந்ததும் நான்தான் பூட்டினேன். சாவி என் கோட்டுப் பையில. கோட்டு என்கூட மாடியில. அவரோட சாவியை அவர் கடையில வச்சுட்டு வந்துட்டாரு. அவரைப் படியில பாத்துட்டு, திரும்ப மேல ஓடிச் சாவியை எடுத்துட்டு வந்துதான் கதவைத் திறந்தேன்."

"அப்ப அவர் சாவிக்காக..."

"இருக்கலாம். எனக்காகவும் இருக்கலாம். வாசல்கிட்டப் போய் இழுத்துப் பாத்தாரோ என்னவோ."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல." பேனாவின் மூடியைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "அவர் வந்து சேர்ந்ததும் பூட்டினேன்னு சொல்றேன் இல்ல? அது நிஜமான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. சண்டைக்கு அப்புறம் பூட்டினேனோன்னு தோணுது. கோவத்துல கிளம்பி நேர்லயே போய்ச் சொல்லிடப் போறாரேன்னு."

சுவிட்சைப் போட்ட கைக்குள் என்ன இருந்தது என்று எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சாவியைத் திருப்பிய கையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

8

மெஷின் போட்டாயிற்று. எத்தனை என்று சொல்லப்போவதில்லை. சந்துக்குள் போனால் பின்சுவரில் தொங்குவதை யாரும் பார்க்கலாம். ஆனால் ஒன்று என்று எழுதினால் சமாதானமாகிவிட்டார்கள் என்பீர்கள். இரண்டு என்றால் அவ்வளவுதான், முடிந்தது என்பீர்கள். இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு ஒரே அறையில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே மெஷினின் காற்றில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவர்கள் சொந்தமில்லை, அதனால் என்னைவிடத் துணிச்சலாக எழுதுவீர்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்த மறுநாள். கூடத்தில் கடன் வாங்கி வந்த ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அளவுக்காரர் ஃபோனில் கூப்பிட்டார். "சாயங்காலம் சொல்றேன்" என்று அக்கா வைத்துவிட்டாள். ஒரு நாற்காலியை இழுத்து வந்து அத்தானுக்கு எதிரே போட்டாள். ஹீட்டருக்கு இவ்வளவு கிட்டத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழுத்து அதற்குள் சிவக்க ஆரம்பித்திருந்தது.

"வாசல் சாவி எங்கிட்ட இருந்துச்சு" என்றாள்.

"எப்ப?"

"அன்னிக்கு. உங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு நான் மேல போயிட்டேன்."

அத்தான் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுவரில் இருந்த எண்ணை அவர் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

[இந்த இடத்தில் அவர் சொல்வதாக மூன்று பதில்களை எழுதி வைத்திருந்தேன். மூன்றும் நன்றாகவே வந்திருந்தன.]

"நீ கொஞ்ச நேரம் வெளிய இருக்கியா?" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பூட்டாததால் அது நிற்கவில்லை. காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றி, என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே அத்தான் பேச ஆரம்பித்தார்.