பிறந்த வீட்டுக் கோடி

சவரிமுத்துவின் மூக்கு செவ்வந்தியின் முகத்துக்கு வந்தது ஓர் ஆடி மாதத்தில். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் தக்காளி விலை இறங்கியிருந்தது, மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. அவருடைய மூக்கு அவரிடமும் இருந்தது. "இன்னாம்மா, என் மூக்கு உங்கிட்ட வந்து குந்திக்கினு இருக்குது" என்றார். செவ்வந்தி அரிசி களைவதை நிறுத்தவில்லை. "இருந்துட்டுப் போவட்டும்ணா" என்றாள்.

இருவரும் சொந்தமில்லை. அவர் உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டிய கிறிஸ்தவர், எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் மனைவி பிள்ளைகளோடு போய்விட்டாள். செவ்வந்தி கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்தவள். நோயைக் கொடுத்துவிட்டுப் புருஷன் செத்தான், கூடப்பிறந்த அண்ணன் வீரமுத்து தனித் தட்டு ஒதுக்கினார், பிறகு தட்டோடு அவளையும் வெளியேற்றினார். மாதாமாதம் மாத்திரை வாங்கும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று கால் கடுத்துப்போய், இருவரும் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். பிறவியிலேயே நோயோடு, பெற்றவர்களும் இல்லாமல் கரியாலூரிலிருந்து அதே வரிசைக்கு வந்த தனுஷாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு வருஷங்கள் போயின. பகலில் வேலை, ராத்திரி மாத்திரை, அதற்குப் பிறகு தலைசுற்றல், மறுபடி வேலை. அலுத்துப்போன நாளிலும் மாத்திரையை விடவில்லை. இதற்கிடையில் சவரிமுத்துவின் தாடையும் காதும்கூட செவ்வந்திக்கு வந்து சேர்ந்தன. தனுஷாவைப் பள்ளிக்கூடத்தில், கூட்டிக்கொண்டு போன சவரிமுத்துவைக் காட்டி, அப்படியே அப்பா ஜாடை என்றார்கள். ஒரு வீட்டு ஆட்கள் ஒரே ஜாடையில் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

செவ்வந்தியை அரித்தது ஒரே கவலை. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்தாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். "எங்கண்ணன் வராது. கோடி வர்ற வரிக்கும் நான் நாறிக்கினு கெடக்கணுமா?" என்பாள்.

"நான் எடுத்தாறேன்."

"நீ சர்ச்சுக்குப் போற ஆளு. ஊர்ல ஒத்துக்குவாங்களா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார்.

போன சித்திரையில் துணி காயப்போடும்போது செவ்வந்தி போய்ச் சேர்ந்தாள். நோய் அல்ல, மாரடைப்பு. சடங்குகளை முன்னின்று நடத்திய தெருப் பெரியவர் தங்கமணி, "பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?" என்று கேட்டார். சவரிமுத்து ஒரு பச்சைப் புடவையோடு எழுந்தார். தங்கமணி அவர் முகத்தைப் பார்த்தார், கிடத்தியிருந்தவள் முகத்தைப் பார்த்தார். "அண்ணன் வந்துட்டாரு, வழி வுடுங்கப்பா" என்றார். சவரிமுத்து கோடியைப் போர்த்திவிட்டு அவள் காலடியில் விழுந்து அழுதார். தனுஷாதான் தூக்கி உட்கார வைத்தாள்.

தூக்கப் போகிற நேரத்தில் வீரமுத்து வந்தார், அவர் கையிலும் ஒரு புடவை. "நான் கூடப் பொறந்த அண்ணனுங்க" என்றார்.

தங்கமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜாடையே இல்லீங்களே" என்றார், மரியாதையாகத்தான்.

வீரமுத்து குனிந்து தங்கையின் முகத்தை வெகுநேரம் தேடினார். தம் வீட்டு அடையாளம் ஒன்றுகூட அதில் மிச்சமில்லை. அக்கம்பக்கத்தார் மாலையோடு நின்ற வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.